ஆங்கில ‘ரன்’னைப் பழகுவது எப்படி: ‘ஓடு’, ‘ஓட்டு’விலிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாலை வேளைகளில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். சிப்காட் பகுதியில் ஷிஃப்ட் முடித்துவிட்டு வருகிற ஆபரேட்டர்கள், புதுச்சேரி ஓட்டல்களில் வரவேற்பில் வேலை பார்க்கும் பிள்ளைகள், நர்சிங் படித்த பெண்கள் என்று பலரும் வருகிறார்கள். நீளமான ஆங்கிலச் சொல்லைக் கண்டால் அகராதியைத் திறந்து பார்த்துத் தப்பித்துவிடுகிறார்கள். மாட்டிக்கொள்வது ‘ரன்’ போன்ற சின்னச் சொல்லில். தெரிந்த சொல்தானே என்று அகராதிப் பக்கம் போவதில்லை. ‘ஓடு’ என்ற ஒரே பொருளை வைத்துக்கொண்டு வாக்கியத்தைப் படிக்கிறார்கள். பொருள் எங்கோ போய்விடுகிறது.

ஒரு தொழிற்சாலையில் பயிற்சிக்குச் சேர்ந்திருந்த தம்பி ஒருவர், பம்பின் மேல் ஒட்டியிருந்த எச்சரிக்கையைத் தாளில் எழுதிக்கொண்டு வந்தார்: ‘டூ நாட் ரன் டிரை.’ ஓடாதே என்பது புரிந்தது, காய்ந்த என்பதும் புரிந்தது. பம்ப் அறையில் யாரும் ஓடக் கூடாது, தரை காய்ந்திருக்க வேண்டும் என்று தாமாகவே ஒரு பொருள் கட்டிக்கொண்டிருந்தார். அந்த எச்சரிக்கை சொல்வது வேறு: உள்ளே திரவம் இல்லாமல் இந்தப் பம்பை ஓட்டாதே. ஓட்டினால், சுழலும் தண்டைச் சுற்றியுள்ள சீல் குளிர வழியில்லாமல் சூடேறிக் கெட்டுவிடும். சுவிட்சைப் போடப்போகிற கை அவருடையது என்பதால் எனக்கு அன்று பகீரென்றது.

கீழே உள்ள படிகளின் வரிசை, வகுப்பில் பலமுறை மாற்றிப் பார்த்த பிறகு நிலைத்தது. வரிசையைக் கலைக்காதீர்கள். பெரும்பாலோர் ஏழாம் படியில் தொடங்கித்தான் குழம்புகிறார்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கோடு போட்ட நோட்டு ஒன்று போதும். இடப்பக்கம் தமிழ் வாக்கியம், வலப்பக்கம் ஆங்கில வாக்கியம். தனிச் சொல்லும் அதன் பொருளுமாகப் பட்டியல் எழுத வேண்டாம். ‘ரன்’னுக்குத் தனியாகப் பொருள் கிடையாது, பக்கத்தில் நிற்கும் சொல்தான் அதன் பொருளை முடிவு செய்கிறது.

அகராதி வேண்டும். ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே தொகுக்கப்பட்ட சிறிய அகராதியாக இருக்கட்டும். பெரிய அகராதியை இப்போது தொடாதீர்கள். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்காக இந்தச் சொல்லை ஆராய்ந்த பீட்டர் கில்லிவர், ‘ரன்’ என்ற வினைச்சொல் ஒன்றுக்கு மட்டும் ஒன்பது மாதம் செலவிட்டு 645 பொருள்களைப் பிரித்தெடுத்தார். அதில் நமக்கு அன்றாடம் தேவைப்படுவது முப்பது, நாற்பதைத் தாண்டாது.

நேரம்: தினமும் அரை மணி, பத்து நாள். ஒரே நாளில் முடிக்க முயன்றவர்கள் யாரும் மறுவாரம் நினைவு வைத்திருக்கவில்லை.

2. ஒலியையும் மூன்று வடிவங்களையும் முதலில் சரிசெய்யுங்கள்

இது நிகழ்காலத்தில் ‘ரன்’, இறந்தகாலத்தில் ‘ரேன்’, ‘ஹேஸ்’, ‘ஹேவ்’, ‘வாஸ்’ போன்றவற்றுக்குப் பின் மறுபடியும் ‘ரன்’. நம் எழுத்தில் ‘ரேன்’ என்று எழுதினாலும் அது சரியான ஏகாரம் இல்லை. வாயை அகலத் திறந்து, நாக்கைத் தாழ்த்தி, ஆகாரத்துக்கும் ஏகாரத்துக்கும் நடுவே சொல்ல வேண்டும். ‘ரன்’னுக்கு வாய் அதிகம் திறப்பதில்லை, சட்டென்று முடிந்துவிடும்.

இதை முதலில் வைப்பதற்குக் காரணம், பின்னால் வரும் படிகளில் ‘ஹேஸ் ரன்’ அடிக்கடி வருகிறது. அங்கே ‘ஹேஸ் ரேன்’ என்று சொல்லிப் பழகிவிட்டால் பிறகு திருத்துவது பெரும்பாடு. ‘டிட் யூ ரேன்’ என்பதும் அதே பிழை. ‘டிட்’ வந்தாலே இறந்தகாலம் அதற்குள் வந்துவிட்டது, பின்னால் ‘ரன்’தான்.

3. தமிழில் ஓடுவதையெல்லாம் எழுதுங்கள்

இந்தப் படியைக் குழந்தை விளையாட்டு என்று நினைத்துத் தாண்டிவிடுகிறார்கள். தாண்டாதீர்கள். ஒரு நாள் முழுக்க உங்களைச் சுற்றி ‘ஓடு’, ‘ஓட்டு’ என்று யார் எதைச் சொன்னாலும் இடப்பக்கம் எழுதுங்கள்.

எங்கள் வகுப்பில் ஒரே மாலையில் கிடைத்தவை: பஸ் ஓடுகிறது. மோட்டார் ஓடுகிறது. கடிகாரம் ஓடவில்லை. வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது. சுவரில் விரிசல் ஓடியிருக்கிறது. படம் நூறு நாள் ஓடியது. கடை நன்றாக ஓடுகிறது. காலம் ஓடிவிட்டது. எனக்கு ஒன்றும் ஓடவில்லை. வண்டி ஓட்டுகிறேன். ஏதோ குடும்பத்தை ஓட்டுகிறேன்.

கால் இல்லாதவையெல்லாம் தமிழிலும் ஓடுகின்றன என்று கண்ணால் பார்த்துவிட்டால் ஆங்கிலத்தின் மேல் இருக்கும் பயம் பாதி குறையும். ‘பம்ப் எப்படி ஐயா ஓடும்?’ என்று ஒருவர் ஆங்கில வாக்கியத்தைப் பார்த்துக் கேட்டார். ‘வீட்டில் மோட்டார் ஓடுகிறதா என்று கேட்கிறீர்களே, அது எப்படி ஓடுகிறது?’ என்றேன். இந்தப் பட்டியலில் எது ஆங்கிலத்துக்கு அப்படியே போகும், எது போகாது என்பதை ஆறாம் படியில் பிரிப்போம். அதுவரை வலப்பக்கம் காலியாக இருக்கட்டும்.

4. ‘எதை?’ என்று கேளுங்கள்

மொத்த வழிகாட்டியிலும் இந்தப் படிதான் முதுகெலும்பு. இதற்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள்.

தமிழில் தானே நிகழ்வதற்கு ஒரு சொல், பிறரோ பிறிதொன்றோ நிகழச் செய்வதற்கு இன்னொரு சொல். பம்ப் ஓடுகிறது; அவர் பம்பை ஓட்டுகிறார். பள்ளியில் தன்வினை, பிறவினை என்று படித்தோமே, அதுதான். ஆங்கிலம் இந்த இடத்தில் சொல்லை மாற்றுவதில்லை. ‘தி பம்ப் ரன்ஸ்’, ‘ஹி ரன்ஸ் தி பம்ப்.’ இரண்டிலும் ஒரே ‘ரன்ஸ்’. பின்னால் ஒரு பொருள் நிற்கிறதா என்பதை வைத்துத்தான் பிரிக்க முடியும்.

எனவே ‘ரன்’னைக் கண்டதும் ‘எதை?’ என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் ‘ஓடு’வின் பக்கம். பதில் கிடைத்தால் ‘ஓட்டு’வின் பக்கம். பிறகு அந்தப் பதிலுக்கு ஏற்ற தமிழ் வினை தானாக வரும்:

இயந்திரத்தை என்றால் ஓட்டு, இயக்கு. கணினி நிரலை என்றால் இயக்கு. கடையை, பள்ளியை, மகளிர் குழுவை என்றால் நடத்து. சோதனையை என்றால் செய். பஸ்ஸை என்றால் கொஞ்சம் நில்லுங்கள். பௌர்ணமிக்குத் திருவண்ணாமலைக்குச் சிறப்புப் பஸ் விடுகிறார்கள் என்கிறோமே, அந்த ‘விடு’தான் இங்கே ‘ரன்’. போக்குவரத்துக் கழகம் பஸ்ஸை ‘ரன்’ செய்கிறது. டிரைவர் அதை ‘டிரைவ்’ செய்கிறார்.

இப்போது பம்பின் எச்சரிக்கைக்குத் திரும்புவோம். ‘டூ நாட் ரன் டிரை’யில் ‘எதை?’ என்று கேட்டால் வாக்கியத்தில் பதில் இல்லை. ஆனாலும் அது ‘ஓட்டு’வின் பக்கம். இயந்திரங்களில் ஒட்டும் எச்சரிக்கைகளில் இடத்தை மிச்சப்படுத்த அந்தப் பொருளின் பெயரை விட்டுவிடுவார்கள். எதன் மேல் ஒட்டியிருக்கிறதோ அதைத்தான். அந்தத் தம்பி இதைப் புரிந்துகொண்ட அன்று நோட்டின் இடப்பக்கத்தில் ‘திரவம் இல்லாமல் இதை ஓட்டக் கூடாது’ என்று எழுதினார். ‘இதை’ என்ற சொல்லை அவரே சேர்த்தார். நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

பொதுவான பிழை: ‘ரன்’னுக்குப் பின் வரும் எல்லாவற்றையும் ‘எதை’க்குப் பதிலாக எடுத்துக்கொள்வது. ‘ஷி ரன்ஸ் டூ கிலோமீட்டர்ஸ்’ என்பதில் இரண்டு கிலோமீட்டர் ‘எவ்வளவு’க்குப் பதில். ‘ஷி ரன்ஸ் எவ்ரி மார்னிங்’ என்பதில் வருவது ‘எப்போது’க்குப் பதில். அந்தப் பெண் தேவனாம்பட்டினம் கடற்கரையில் உண்மையாகவே காலால் ஓடுகிறாள்.

5. ஓடுவது எது என்று பாருங்கள்

‘எதை?’க்குப் பதில் இல்லாத வாக்கியங்களில் எழுவாயைப் பாருங்கள். அது எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று தெரிந்தால் பொருள் தெரிந்துவிடும்.

நீர்மம்: கெடிலம் கடலூர் வழியாக ஓடுகிறது. இதில் சிக்கல் இல்லை. ஆனால் மூக்கு ‘ரன்’ ஆனால் தமிழில் ஒழுகுகிறது. புது லுங்கியையும் வெள்ளைச் சட்டையையும் சேர்த்து ஊறவைத்தால் சாயம் இறங்கி ஒட்டுகிறதே, அங்கேயும் சாயம் ‘ரன்’ ஆகிறது. குழாயை ‘ரன்னிங்’கில் விட்டுவிட்டார் என்றால் திறந்தபடி விட்டுவிட்டார் என்று பொருள்.

இயந்திரம்: நமக்குப் பழகியதுதான். புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர்கள் மட்டும் ஒரு நொடி தயங்குகிறார்கள். பிரெஞ்சில் இயந்திரம் வேலை செய்வதற்கு நடத்தலைக் குறிக்கும் ‘மார்ஷே’ என்ற வினை வரும். ஆங்கிலத்திலும் தமிழிலும் ஓடுகிறது, பிரெஞ்சில் நடக்கிறது என்று ஒரு வரி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கோடுபோல் நீள்வது: சாலை, வேலி, வாய்க்கால், நரம்பு. புதுச்சேரியின் கூபேர் அவென்யூ கடலை ஒட்டிச் செல்கிறது என்போம். ஆங்கிலத்தில் அங்கே ‘ரன்ஸ்’. சாலை அசையவில்லையே என்று யோசிக்க வேண்டாம். தமிழிலும் அது செல்கிறது, போகிறது.

கால அளவு: ஆறு மாதப் படிப்பு ‘ரன்ஸ் ஃபார் சிக்ஸ் மந்த்ஸ்’. தமிழில் நடக்கிறது.

பரம்பரை: சர்க்கரை நோய் ‘ரன்ஸ் இன் தி ஃபேமிலி’ என்று மருத்துவர் எழுதினால், அந்தக் குடும்பத்தில் வழிவழியாக வருகிறது என்று பொருள். நர்சிங் பிள்ளைகள் இதைத் தவறாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு தனிக் கூட்டம். இங்கே ‘ரன்’ ஏறக்குறைய நம் ‘ஆகு’ போல, ஒரு நிலைக்கு வந்து சேர்வதைக் குறிக்கிறது. கிணறு ‘ரன்ஸ் டிரை’ என்றால் வற்றிவிடுகிறது. பஸ் ‘ரன்னிங் லேட்’ என்றால் தாமதமாக வந்துகொண்டிருக்கிறது. சில்லறை ‘ரன்னிங் ஷார்ட்’ என்றால் பற்றாக்குறையாகிறது. முகத்துவாரத்தில் மணல் மேடேறிய இடத்தில் படகு ‘ரன் அகிரவுண்ட்’ ஆனால், முதுநகரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: தரை தட்டிவிட்டது.

6. தமிழின் ஓட்டம் ஆங்கிலத்துக்குப் போகாத இடங்கள்

இப்போது மூன்றாம் படியில் எழுதிய பட்டியலை எடுங்கள். கீழே உள்ளவற்றுக்கு எதிரே வலப்பக்கம் ‘ரன்’ எழுதக் கூடாது.

பைக் ஓட்டுகிறேன். ‘ஐ ரன் எ பைக்’ என்பதைத்தான் நான் மிக அதிகமாகத் திருத்தியிருக்கிறேன். ஏறி உட்கார்ந்து ஓட்டும் பைக், சைக்கிளுக்கு ‘ரைடு’. உள்ளே உட்கார்ந்து ஓட்டும் காருக்கு ‘டிரைவ்’.

குடும்பத்தை ஓட்டுகிறேன். நாம் இதைச் சொல்லும்போது அதில் ஒரு களைப்பும் பொறுப்பும் இருக்கின்றன. கிடைப்பதை வைத்துச் சமாளிக்கிறேன் என்று பொருள். ‘ஐ ரன் மை ஃபேமிலி’ என்றால் கேட்பவருக்கு வீட்டில் என் அதிகாரம்தான் நடக்கிறது என்று படும். ஒரு அம்மா வேலைக்கான நேர்முகத் தேர்வில் இப்படிச் சொல்லிவிட்டு வந்தார். ‘ஐ சப்போர்ட் மை ஃபேமிலி’ என்று சொல்லியிருந்தால் அவர் மனதில் இருந்தது அப்படியே போய்ச் சேர்ந்திருக்கும்.

படம் ஓடவில்லை. தமிழில் தோற்றுவிட்டது என்று பொருள். ஆங்கிலத்தில் ‘டிட் நாட் ரன்’ என்றால் திரையிடவே இல்லை போலிருக்கிறது என்று கேட்பவர் நினைக்கலாம். ‘டிட் நாட் டூ வெல்’ என்று எழுதுங்கள். கடை நன்றாக ஓடுவதற்கும் ‘டூயிங் வெல்’. ஆனால் படம் நூறு நாள் ஓடியதற்கு ‘ரேன்’ தாராளமாகப் பொருந்தும், அங்கே கால அளவு இருப்பதால்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. இதற்கு ‘ரன்’னே கிடையாது. ‘ஐ கான்ட் திங்க்’ போதும்.

எதிர்த்திசையிலும் பிழை வரும். கடை நடத்துகிறேன் என்பதை ‘ஐ ஆம் கண்டக்டிங் எ ஷாப்’ என்று எழுதுகிறார்கள். தேர்வை, கூட்டத்தைத்தான் ‘கண்டக்ட்’ செய்யலாம். கடைக்கு ‘ரன்’. காய்ச்சல் அடிக்கிறது என்பதற்கு ‘ரன்னிங் எ ஃபீவர்’ உண்டு. அடிப்பதைத் தேடி ‘பீட்டிங்’ போட்டவரும் இருக்கிறார். தேர்தலில் நமக்கு வேட்பாளர் நிற்கிறார். பிரிட்டிஷ் ஆங்கிலத்திலும் ‘ஸ்டாண்ட்’தான். அமெரிக்க ஆங்கிலத்தில் அவர் ‘ரன்’ செய்கிறார். அமெரிக்கச் செய்தியைப் படிக்கும்போது யாரும் எங்கும் ஓடுவதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

7. வால் சொற்கள்: ஆறு மட்டும்

‘ரன்’னுக்குப் பின்னால் ஒட்டும் சிறு சொற்களை நாங்கள் வால் என்போம். இவற்றை ஏழாவதாக வைத்ததற்குக் காரணம், வால் வந்தாலும் ‘எதை?’ என்ற கேள்வியும் எழுவாயும்தான் பொருளைத் தருகின்றன. அந்தப் பழக்கம் இல்லாமல் வாலை மட்டும் மனப்பாடம் செய்தால் ஒன்றுக்கொன்று குழம்பும்.

‘அவுட்’. கிரிக்கெட் ‘ரன் அவுட்’ நம் தலையில் அழுத்தமாக உட்கார்ந்திருப்பதால் இதுதான் முதல் ஆபத்து. அன்றாடப் பேச்சில் இது தீர்ந்துபோவது. புதுச்சேரியில் ஓட்டல் வரவேற்பில் வேலை பார்த்த எங்கள் மாணவர் ஒருவருக்கு இரவில் அறையிலிருந்து தொலைபேசி வந்தது: ‘வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் ஹாட் வாட்டர்.’ கொதிநீர் பட்டு வெளியே ஓடி வந்துவிட்டார்கள் என்று புரிந்துகொண்டு, தீப்புண் மருந்தை எடுத்துக்கொண்டு இரண்டு மாடி ஏறினார். குளியலறையில் வெந்நீர் வரவில்லை, அவ்வளவுதான். அக்கறையில் அவரிடம் ஒரு குறையும் இல்லை. ‘ஆஃப்’ என்ற சொல்லைக் கேட்டிருந்தால் போதும்.

அந்த ‘ஆஃப்’ எப்போது வரும்? தீர்ந்த பொருள் எழுவாயாக நின்றால் வராது: ‘தி கேஸ் ஹேஸ் ரன் அவுட்.’ ஆட்கள் எழுவாயாக நின்று, தீர்ந்த பொருளின் பெயரும் பின்னால் வந்தால் கட்டாயம் வேண்டும்: ‘வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் கேஸ்.’ தமிழில் ‘எங்களுக்கு கேஸ் தீர்ந்துவிட்டது’ என்று பொருளைத்தான் எழுவாயாக வைக்கிறோம். அதனால்தான் இரண்டாம் வகை நமக்குத் தானாக வருவதில்லை. இரண்டையும் பத்துப் பொருள்களை வைத்து மாற்றி மாற்றி எழுதுங்கள்: அரிசி, பெட்ரோல், நேரம், பொறுமை.

‘இன்டு’. பின்னால் நிற்பது மரமோ சுவரோ என்றால் போய் மோதுவது. தெரிந்த ஆள் என்றால் எதிர்பாராமல் சந்திப்பது. பெரிய தொகை என்றால் அந்த அளவுக்கு ஆவது: செலவு லட்சக்கணக்கில் போகிறது. ‘ஐ ரேன் இன்டு மை டீச்சர்’ என்று கேட்டுவிட்டு, அடி பலமா என்று விசாரிக்க வேண்டியதில்லை.

‘ஓவர்’. வாகனம் எழுவாயாக இருந்து ‘எதை?’க்குப் பதில் இருந்தால் ஏற்றிவிட்டது. கூட்டமோ வகுப்போ எழுவாயாக இருந்தால் நேரம் தாண்டிவிட்டது. விபத்துச் செய்தி எழுதுகிறவர்கள் ‘வாஸ் ரன் ஓவர்’ என்பதில் ‘ரேன்’ போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

‘டவுன்’. பேட்டரி என்றால் இறங்கிவிட்டது. ஆளை என்றால் மட்டம் தட்டுவது.

‘த்ரூ’. பாடத்தை, கணக்கை ஒருமுறை முழுக்க ஓட்டிப் பார்ப்பது. ‘அப்’. கடனை, பில்லை ஏற்றிக்கொள்வது.

மற்ற வால்களை எதிர்ப்படும்போது பார்த்துக்கொள்ளலாம்.

8. பெயர்ச்சொல்லாக வரும்போது

முன்னால் ‘எ’, ‘தி’ நின்றால் இது பெயர். ‘டிரையல் ரன்’ என்றால் வெள்ளோட்டம். இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. ‘இன் தி லாங் ரன்’ என்றால் நாள்பட. வங்கியின் மேல் ‘ரன்’ என்றால், பணம் போய்விடுமோ என்ற அச்சத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பணத்தை எடுக்கக் குவிவது. ‘த்ரீ டேஸ் ரன்னிங்’ பெயர்ச்சொல் இல்லை என்றாலும் இங்கேயே எழுதிக்கொள்ளுங்கள்: தொடர்ந்து மூன்று நாள்.

9. பஸ்ஸில் செய்து பாருங்கள்

பத்தாம் நாள் நோட்டோடு கடலூரிலிருந்து புதுச்சேரி பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்காருங்கள். கண்ணில் படுவதை மனதுக்குள் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே போங்கள். முதலில் ‘எதை?’, அடுத்து எழுவாய், கடைசியில் வால்.

பஸ் பத்து நிமிடம் தாமதம். தென்பெண்ணைப் பாலத்துக்குக் கீழே தண்ணீர் ஓடுகிறதா, வற்றிவிட்டதா? கிருமாம்பாக்கத்தில் ஒருவர் டீக்கடை நடத்துகிறார். தவளக்குப்பத்தில் ஏறியவருக்குப் பழைய நண்பரை எதிர்பாராமல் பார்த்த மகிழ்ச்சி. கண்டக்டரிடம் சில்லறை தீர்ந்துவிட்டது. இதை இரண்டு வகையிலும் சொல்லுங்கள், ‘ஆஃப்’ இல்லாமலும் ‘ஆஃப்’ வைத்தும். அரியாங்குப்பத்தில் பைக் ஓட்டிக்கொண்டு போகிறவரைக் கண்டதும் வாயில் ‘ரன்’ வந்துவிட்டால், அந்த வாக்கியத்துக்கு ஒரு புள்ளி வையுங்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் புள்ளி வைத்த வாக்கியங்களை மட்டும் மறுபடி சொல்லுங்கள்.